கரையேறிய பிறகு: வாட்டர் ஸ்பேனியல் வளர்க்க ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு வாசல் பக்கம் எப்போதும் மூன்று துண்டுகள் தொங்கும். ஒன்று ஈரமாக இருக்கும், ஒன்று காய்ந்துகொண்டிருக்கும், ஒன்று அடுத்த நனைதலுக்குத் தயாராக இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஃபாக்ஸ் நதிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். வீட்டில் நான்கு பேர், கூடவே சுருளி. அவன் அமெரிக்கன் வாட்டர் ஸ்பேனியல் இன நாய், வயது ஏழு. ஓடை, ஏரி, மழைநீர் தேங்கிய பள்ளம் என்று எதையும் அவன் விட்டுவைத்ததில்லை.

தண்ணீர் என்றால் உயிரை விடும் ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை நாய்க்கு நீச்சல் ரத்தத்திலேயே இருக்கிறது. நாம் பெரிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வேலையில் பாதி, அது கரையேறிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்த வேலைக்கு மனம் ஒப்பினால் இதைவிட நல்ல வீட்டு நாய் கிடைப்பது கடினம்.

முதலில், எந்த நாயைப் பற்றிப் பேசுகிறோம்

தமிழில் 'நீர்நாய்' என்றால் அது வேறு விலங்கு, ஆற்றில் மீன் பிடித்துத் தின்னும் காட்டுப் பிராணி. அதனால் வாட்டர் ஸ்பேனியல் என்றே சொல்லிவிடலாம். இதிலும் சில வகைகள் உண்டு. ஐரிஷ் வாட்டர் ஸ்பேனியல் ஸ்பேனியல்களிலேயே உயரமானது. தலையில் சுருள் குடுமியும், குட்டையான வழவழப்பான ரோமத்தோடு எலிவால் போல் தெரியும் வாலும் அதன் அடையாளம். தெற்கு கரோலினா மாநிலத்தில் பாய்கின் ஸ்பேனியல் இருக்கிறது. இங்கிலீஷ் ஸ்பிரிங்கர் ஸ்பேனியலுக்கும் தண்ணீர் பிடிக்கும். நான் எழுதப்போவது எங்களுக்குப் பழக்கமான அமெரிக்கன் வாட்டர் ஸ்பேனியலைப் பற்றி. சொல்வதில் பெரும்பகுதி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

இது விஸ்கான்சினின் ஃபாக்ஸ், வுல்ஃப் நதிப் பள்ளத்தாக்குகளில் 19ஆம் நூற்றாண்டில் உருவான இனம். சின்னப் படகில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய நாய் உதவாது, எழுந்து குதித்தால் படகே கவிழ்ந்துவிடும். குளிர்ந்த தண்ணீரைத் தாங்கும் ரோமமும் வேண்டும், படகில் இடத்தை அடைக்கவும் கூடாது. அப்படி வந்ததுதான் இந்த 15 முதல் 18 அங்குல உயரமுள்ள பழுப்பு நாய். எடை 25 முதல் 45 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 11 முதல் 20 கிலோ. பிறகு சுட்டு விழுந்த பறவையைக் கவ்விக் கொண்டுவரும் பெரிய ரிட்ரீவர் நாய்கள் பரவி, இந்த இனம் கிட்டத்தட்ட மறைந்துபோகும் நிலைக்கு வந்தது. நியூ லண்டன் என்ற சிற்றூரில் இருந்த டாக்டர் ஃப்ரெட் பைஃபர் விடாமல் வளர்த்துக் காப்பாற்றினார். 1920இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் யுனைடெட் கெனல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது, 1940இல் அமெரிக்கன் கெனல் கிளப்பும் ஏற்றது. 1985ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் இது விஸ்கான்சினின் மாநில நாயும் ஆனது. அதற்காக நியூ லண்டன் பள்ளி மாணவர்கள் பாடுபட்டார்கள் என்று கேட்டபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

முதன்முதலில் பதிவான நாயின் பெயர் கர்லி பைஃபர். கர்லி என்றால் சுருள்முடிக்காரன். அந்தச் செய்தி தெரியாமலே எங்கள் மகள் தன் குட்டிக்குச் 'சுருளி' என்று பெயர் வைத்திருந்தாள்.

உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா

மூன்று கேள்விகளைக் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

தினமும் ஒரு மணி நேரமாவது நாயோடு வெளியே போக வீட்டில் ஆள் உண்டா? இது வேலைக்காகப் பிறந்த இனம். வேலை இல்லாவிட்டால் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். செருப்பைக் கடிக்கும், தோட்டத்தைத் தோண்டும், ஜன்னலில் நின்று தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்கும். சாதாரணமாகவே குரல் அதிகமுள்ள நாய் இது. சுவர் ஒட்டிய அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

ஈரவாடையையும் ரோமத்தையும் பொறுத்துக்கொள்வீர்களா? ரோமத்தில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கிறது, அதுதான் தண்ணீர் தோலுக்குள் இறங்காமல் காக்கிறது. அந்த எண்ணெய்க்கு ஒரு வாசனையும் உண்டு. வெள்ளைக் கம்பளம் விரித்த வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம்.

அதட்டாமல் பழக்க முடியுமா? வாட்டர் ஸ்பேனியல் புத்திசாலி, கொஞ்சம் பிடிவாதமும் உண்டு, மனசோ மெல்லியது. ஓங்கிக் கத்தினால் அடங்குவதற்குப் பதிலாகச் சுருண்டு ஒதுங்கிவிடும், அப்புறம் இரண்டு நாளைக்கு எதையும் கற்றுக்கொள்ளாது. பொறுமையாக, சின்னச் சின்னதாக, கையில் தின்பண்டத்தோடு சொல்லித்தந்தால் எல்லாம் செய்யும்.

ஒத்துவரும் என்று தோன்றினால் நாயைத் தேடத் தொடங்கலாம். அபூர்வமான இனம் என்பதால் நல்ல வளர்ப்பாளரிடம் காத்திருப்புப் பட்டியல் இருக்கும். காத்திருங்கள். தாய், தந்தை இரண்டுக்கும் இடுப்பு மூட்டு, கண், இதயம் பரிசோதித்த சான்றுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் குட்டி வாங்க வேண்டாம். தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும், அது மனிதர்களோடு எப்படிப் பழகுகிறது என்பதைப் பத்து நிமிடம் கவனித்தால் நிறைய புரியும். காப்பகத்தில் இருக்கும் கலப்பு ஸ்பேனியலும் அருமையான வீட்டு நாயாக வரும்.

குட்டி வந்த முதல் வாரங்கள்

எட்டு வாரக் குட்டி வீட்டுக்கு வரும்போது தேவையானவை கொஞ்சம்தான்: திரும்பிப் படுக்கும் அளவுக்கு இடமுள்ள ஒரு கூண்டு, இரண்டு கிண்ணங்கள், கழுத்துப் பட்டை, மார்புப் பட்டை, ஆறடிக் கயிறு, 30 அடி நீளக் கயிறு ஒன்று, சிக்கெடுக்கும் உலோகச் சீப்பு. கூண்டு தண்டனைக்கான இடமாக ஆகிவிடக் கூடாது. சாப்பாட்டை உள்ளே வைத்து, கதவைத் திறந்தே வைத்திருந்தால் நாளடைவில் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். அது உள்ளே படுத்திருக்கும்போது குழந்தைகள் கை நீட்டக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக்கிவிடுங்கள். சாப்பிடும்போதும் அப்படியே.

தடுப்பூசிகள் சுமார் 16 வாரம் வரை சில வார இடைவெளியில் தொடரும். விஸ்கான்சினில் ஐந்து மாதம் ஆவதற்குள் ரேபிஸ் ஊசி போட்டுவிட வேண்டும், ஐந்து மாதமான நாய்க்கு உள்ளூர் நிர்வாகத்தில் உரிமமும் வாங்க வேண்டும். நீரில் இறங்கும் நாய்க்கு இன்னொன்று முக்கியம், லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி. எலி, ரக்கூன் போன்றவற்றின் சிறுநீர் கலந்த தேங்குநீரில் இந்தக் கிருமி இருக்கும், மனிதர்களுக்கும் தொற்றும். முதலில் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. உண்ணிகளால் வரும் லைம் நோய்க்கும் இங்கே ஊசி போடுகிறார்கள். நாய் தண்ணீரில் இறங்கும் என்பதை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

உண்ணி மருந்திலும் அதே கவனம் வேண்டும். முதுகில் சொட்டு விடும் மருந்துகளின் பலன் அடிக்கடி நீந்தும் நாய்க்குச் சீக்கிரம் குறைந்துபோகலாம். எங்கள் மருத்துவர் மாதாந்திர மாத்திரைக்கு மாற்றினார். கொசுவால் வரும் இதயப்புழுவுக்கும் மாத மருந்து உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நான் "வா" என்பேன், பிள்ளைகள் "கம்" என்பார்கள், அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது "இங்க வாடா கண்ணு" என்பார். குட்டி பாவம், மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும். கடைசியில் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம்: வா, இரு, விடு, போதும். நாலே சொல், எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். இந்த இனத்துக்குத் தன் பொருளை விட்டுக்கொடுக்காத குணம் கொஞ்சம் உண்டு, அதனால் 'விடு' பழக்கத்தைக் குட்டியிலேயே ஆரம்பியுங்கள். வாயிலிருந்து பிடுங்காதீர்கள். இன்னும் நல்ல ஒன்றைக் காட்டினால் அது தானே விடும், விட்டதும் முதல் பொருளையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் திரும்ப வரும் என்று புரிந்த நாய் உறுமாது.

தண்ணீரில் முதல் அடி

தடுப்பூசிகள் முடியும்வரை குளம் குட்டைப் பக்கம் போக வேண்டாம். அதுவரை கொல்லைப்புறத்தில் குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் தொட்டியில் கணுக்கால் அளவு தண்ணீர் போதும். உள்ளே நாலு தின்பண்டத்தைப் போட்டால் கால் நனைப்பதற்கான பயம் போய்விடும்.

பிறகு வெயில் அடிக்கும் ஒரு நாளில், சரிவு மெதுவாக இறங்கும் மணல் கரைக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் முதலில் இறங்குங்கள். முழங்கால் வரை போய் நின்று கூப்பிடுங்கள். வரும், திரும்பிப் போகும், மறுபடி வரும். எந்த நாயையும், அது எவ்வளவு நீர்ப்பிரியமான இனமானாலும், தூக்கித் தண்ணீரில் போடாதீர்கள். ஒருமுறை பயந்துவிட்டால் அந்தப் பயத்தை எடுக்க ஒரு கோடைக்காலம் முழுக்க வேண்டியிருக்கும். புதிதாக நீந்தும் நாய் முன்னங்கால்களால் மட்டும் நீரை அடித்து, பின்பக்கம் தாழ்ந்துபோகும். வயிற்றுக்கடியில் கை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்தினால் உடம்பு சமமாகிவிடும். இரண்டு மூன்று நாளில் பிடித்துக்கொள்ளும்.

இறங்குவதைப் போலவே ஏறுவதையும் பழக்க வேண்டும். செங்குத்தான கரை, படகுத்துறைப் பலகை போன்ற இடங்களில் நாயால் தானாக ஏற முடியாது, ஏற முயன்றே களைத்துப்போகும். ஒவ்வொரு இடத்திலும் முதலில் ஏறும் வழியை இரண்டு முறை காட்டிவிட்டுப் பிறகு விளையாட விடுங்கள். நீளக் கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள், செடிகொடி இருக்கும் இடத்தில் கயிறு சிக்கும் என்பதால் அங்கே இறக்கவே வேண்டாம். படகில் போவதானால் முதுகில் கைப்பிடி உள்ள மிதவை உடுப்பு கட்டாயம். நீந்தத் தெரிந்த நாய்க்கு எதற்கு என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். கரை தெரியாத தூரத்தில் விழுந்தால் நாயின் திறமையோடு அதன் களைப்பும் சேர்ந்துகொள்ளும். அப்போது தூக்குவதற்குக் கைப்பிடி வேண்டும்.

சுருளி பந்தை எத்தனை முறை எறிந்தாலும் கொண்டுவருவான். 'போதும்' என்று அவன் சொல்லமாட்டான், நாம்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை வாயைத் திறந்து பந்தைக் கவ்வும்போதும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகிறது. அளவு மீறினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகும். வயிறு உப்புதல், வாந்தி, எச்சில் வழிதல், தள்ளாட்டம், கண்மணி விரிதல் எல்லாம் அதன் அறிகுறிகள். பார்த்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், காத்திருந்து பார்க்கும் விஷயம் இல்லை. உருண்டைப் பந்துக்குப் பதில் தட்டையான, வாயை அதிகம் திறக்காமல் கவ்வக்கூடிய பொருளை எறியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையில் படுக்க வைத்து ஓய்வு கொடுங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் நிறைய நீந்திய மறுநாள் வால் துணி போலத் தொங்கினால் கலங்க வேண்டாம். வாலின் அடித்தசை பிடித்துக்கொள்வதால் வருவது அது. தொட்டால் வலிக்கும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். வலி அதிகமாகத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு விஷம்.

கரையேறிய பிறகு

முதல் கோடையில் நாங்கள் சுருளியைத் தினமும் நீந்த விட்டோம். வீட்டுக்கு வந்ததும் முதுகையும் வயிற்றையும் துண்டால் நன்றாகத் துடைப்போம், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் அவன் தலையை உதறிக்கொண்டே இருந்தான். காதை முகர்ந்து பார்த்தால் புளித்த மாவு போல ஒரு வாடை. மருத்துவர் காது மடலைத் திருப்பிக் காட்டினார், உள்ளே சிவந்து வீங்கி, பழுப்பாக அழுக்கு அடைந்திருந்தது. இரண்டு வாரம் மருந்து போட்டோம். அந்த இரண்டு வாரமும் ஏரிக்குப் போகாமல் அவன் ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. தொங்கும் காது, உள்ளே ரோமம், அதில் ஈரம், மேலே மூடி. பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

அதன் பிறகு ஒரு வரிசை வைத்துக்கொண்டோம். ஆறு வருடமாக அது மாறவில்லை.

முதலில் நல்ல தண்ணீரில் அலசல். ஏரியிலிருந்து வந்த பாசி, மண், கிருமி எதுவும் ரோமத்திலேயே காயக் கூடாது, ஏனென்றால் நாய் நக்கித்தான் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ளும். காரில் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர் வைத்திருக்கிறோம். ஷாம்பு வேண்டாம். அடிக்கடி சோப்புப் போட்டால் காக்கும் எண்ணெய் போய்விடும், ரோமம் தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்கும். மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஷாம்பு எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அடுத்து காது. மடலைத் திருப்பி, விரலில் பஞ்சைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் ஒற்றி எடுங்கள். காது குடையும் குச்சியை உள்ளே விடவே கூடாது, அழுக்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். பிறகு மருத்துவர் சொன்ன காது கழுவும் திரவத்தை விட்டு, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து மெல்லப் பிசைந்து, நாய் உதற விட்டு, வெளியே வந்ததைத் துடையுங்கள். கோடையில் அதிகம் நீந்தும் நாட்களில் வாரத்துக்கு இரண்டு முறை செய்கிறோம். காது ஏற்கனவே சிவந்தோ வலித்தோ இருந்தால் எதையும் ஊற்றாதீர்கள். உள்ளே செவிப்பறை கிழிந்திருந்தால் கெடுதல் ஆகும், முதலில் மருத்துவர் பார்க்கட்டும். ஊரில் காதுக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் உண்டு, நாய்க்கு அது வேண்டாம்.

மூன்றாவது துண்டு. தேய்க்காமல் அழுத்தி ஒற்றுங்கள், சுருள்முடியைத் தேய்த்தால் சிக்கு விழும். கால்விரல் இடுக்கு, அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வால் அடியில் என்று மடிப்புள்ள இடங்களை விடாதீர்கள். பட்டையைக் கழற்றிக் காயப்போடுங்கள். ஈரம் தங்கிய மடிப்பில் ஒரே நாளில் சிவந்த, நீர் வடியும் புண் கிளம்பும். நாய் ஒரே இடத்தை விடாமல் நக்கினால் அங்கே ரோமத்தை விலக்கிப் பாருங்கள்.

நான்காவது விரல்கள். இந்த ரோமத்தில் உண்ணியைக் கண்ணால் தேட முடியாது. பத்து விரலையும் விட்டுத் தலையிலிருந்து வால் வரை தடவிக்கொண்டே வாருங்கள், மிளகு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் விலக்கிப் பார்க்க வேண்டும். காதின் பின்புறமும் விரலிடுக்கும் அவற்றுக்குப் பிடித்த இடங்கள். இருந்தால் கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வைக்க வேண்டாம். இந்தத் தடவலிலேயே முள், வெட்டு, கட்டி எல்லாம் தெரிந்துவிடும். சுருளிக்கு இது மருத்துவப் பரிசோதனை என்று தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பான்.

சீப்பு கடைசியில், நன்றாகக் காய்ந்த பிறகு. வாரத்தில் ஒருமுறை அடிவரை சீவினால் போதும், வசந்தத்தில் அடிரோமம் உதிரும்போது இரண்டு மூன்று முறை. விழுந்துவிட்ட சிக்கை நனையும் முன்பே எடுத்துவிடுங்கள். நனைந்து காய்ந்த சிக்கு கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும், அப்புறம் கத்தரிக்கோல்தான். காதின் பின்னால் இருக்கும் சிக்கைக் கத்தரிப்பதானால் சீப்பைத் தோலுக்கும் சிக்குக்கும் நடுவே வைத்துக்கொண்டு வெட்டுங்கள், காது மடலின் ஓரம் மெல்லியது.

படிக்க நீளமாக இருக்கிறது, கை பழகினால் இருபது நிமிடம். எங்கள் மகன் துண்டு வேலையை எடுத்துக்கொண்டான், மகள் உண்ணி பார்ப்பாள், காது என் பொறுப்பு. வேலையைப் பிரித்துக்கொண்டதால்தான் ஒருவரும் சலிக்கவில்லை.

எந்தத் தண்ணீரில் இறக்கக் கூடாது

நாய்க்குத் தண்ணீரைப் பார்த்துத் தரம் பிரிக்கத் தெரியாது. விஸ்கான்சினில் நான் பயப்படுவது முதலாவதாக நீலப்பச்சைப் பாசிக்கு. வின்னபேகோ, மெண்டோட்டா போன்ற ஏரிகளில் கோடை வெயிலில் இது திரண்டு, பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் கரையோரம் ஒதுங்கும். சில வகைகள் சுரக்கும் நஞ்சு கல்லீரலையும் நரம்பையும் தாக்கும், சில மணி நேரத்தில் நாய் இறந்துவிடக்கூடும். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பார்க்கும்போது உங்கள் பாதம் தெரியவில்லை என்றால் அந்தத் தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம். தவறி இறங்கிவிட்டால் நக்க விடாமல் அங்கேயே நல்ல நீரில் அலசுங்கள். வாந்தி, தளர்ச்சி, நடுக்கம் எது வந்தாலும் நேராக மருத்துவமனை.

இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. பிளாஸ்டோமைகோசிஸ் என்ற பூஞ்சை நோய். நீர்க்கரையில் மக்கிய மரமும் இலையும் கலந்த ஈரமண்ணில் அந்தப் பூஞ்சை வாழ்கிறது, மண்ணைக் கிளறினால் அதன் வித்துகள் மூச்சோடு உள்ளே போகும். 1984இல் விஸ்கான்சினின் ஈகிள் ரிவர் பகுதியில் முகாமுக்குப் போன பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இந்த நோய் வந்தது. அங்கிருந்த பீவர் (மரக்கிளைகளால் அணை கட்டும் நீர்விலங்கு) கூட்டை ஒட்டிய மண்ணிலிருந்தும் மக்கிய மரத்திலிருந்தும் பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். நாய்களோ மூக்கை மண்ணில் வைத்தபடியே நடப்பவை. இதற்கு நாய்க்குப் போட ஊசி இல்லை. பீவர் கட்டிய அணைப் பக்கமும் அழுகிய மரக்கட்டை குவிந்த கரையிலும் தோண்ட விடாமல் இருப்பதே நம்மால் முடிந்தது. இருமல், மெலிவு, கண் கலங்கல், ஆறாத புண், காய்ச்சல் இவை சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் 'ஏரிக்கரையில் திரியும் நாய்' என்று மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து உண்டு.

மீன் பிடிக்கும் துறைகளில் தூண்டில் முள் கிடக்கும். உதட்டில் குத்தினால் இழுக்காதீர்கள், உள்ளே இருக்கும் கொக்கி சதையைக் கிழிக்கும். தூண்டில் நரம்பு வாயிலிருந்து தொங்கினாலும் இழுக்கக் கூடாது, முள் வயிற்றில் இருக்கலாம். அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கல்லில் ஒட்டியிருக்கும் ஜீப்ரா மஸல் என்ற சிறு சிப்பிகள் பாதத்தை பிளேடு போல வெட்டும், அதனால் மணல் கரையே நல்லது. குடிக்கத் தனியாகத் தண்ணீர் கொண்டுபோய் ஏரியில் இறங்கும் முன்பே கொடுத்துவிட்டால் ஏரி நீரைக் குடிப்பது குறையும்.

நம் சமையலறையில்

நாய் உணவுதான் தினசரிச் சாப்பாடு, அளந்து இரண்டு வேளை. நீந்தும் நாளில் கொஞ்சம் கூட்டலாம், குளிர்காலத்தில் குறைக்க வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், பார்த்தால் தெரியக் கூடாது. இந்த இனம் சும்மா இருந்தால் சீக்கிரம் குண்டாகும்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது வெங்காயம். வேகவைத்தாலும் வதக்கினாலும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அது அழிக்கும், பூண்டும் அப்படியே. சாம்பார் சாதத்தில் சின்ன வெங்காயம் கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும், ஒன்றிரண்டே சில நாய்களுக்குக் கெடுதல் செய்யலாம். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் வரும் சைலிட்டாலும் வீட்டில் உயரத்தில் இருக்கட்டும். அம்மா வந்திருந்த ஆறு மாதமும் சுருளி அவர் நாற்காலிக்கடியில்தான் கிடந்தான். பேரனுக்கு ஊட்டுவதுபோல் அவனுக்கும் ஊட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. வேண்டாம் என்று சொல்லாமல், தாளிக்காத வெறும் தயிர் சாதம் ஒரு உருண்டை, வேகவைத்த கேரட் இரண்டு துண்டு என்று ஒதுக்கி வைத்தோம். அம்மாவும் ஊட்டினார், அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுப் பெரியவர்களுக்குத் தடை போடுவதைவிட, கொடுக்கக் கூடியதைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

குளிர்காலமும் பனிக்கட்டியும்

இரட்டை ரோமம் உள்ள நாய் குளிரைத் தாங்கும். நனைந்த ரோமத்தோடு காற்றில் நின்றால் தாங்காது. அக்டோபர் கடைசியிலிருந்து நீச்சலைக் குறைத்துவிட்டு, இறங்கினாலும் சில நிமிடத்தில் வெளியே கூப்பிட்டு, காரில் ஏற்றும் முன்பே துடைத்துவிடுகிறோம். நடுக்கம் நிற்காமல், நாய் மந்தமாகிவிட்டால் உடல் சூடு இறங்குகிறது என்று பொருள். காய்ந்த போர்வையில் சுற்றி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தெருவில் பனி உருகத் தூவும் உப்பு பாதத்தை எரிக்கும், வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். பாதத்துக்கு அடியில் நீளும் ரோமத்தைக் கத்தரித்துவிட்டால் பனி உருண்டை கட்டாது. நீச்சல் இல்லாத மாதங்களில் சுருளிக்கு வீட்டுக்குள் தின்பண்டத்தை ஒளித்து வைத்துத் தேடச் சொல்வோம். கால் மணி நேரம் மூக்கால் தேடினாலே நன்றாகக் களைத்துத் தூங்குவான்.

உறைந்த ஏரி இந்த நாய்களுக்குப் பெரிய ஆபத்து. தான் நீந்திய இடம் அது, ஓடிவிடும். மனிதர் நடக்கத் தெளிவான பனிக்கட்டி நான்கு அங்குலமாவது வேண்டும் என்பார்கள், ஆனால் ஒரே ஏரியில் ஓரிடத்தில் கெட்டியாகவும் பத்தடி தள்ளி மெல்லியதாகவும் இருக்கும். நதி ஓட்டம் உள்ள இடத்தை நம்பவே முடியாது. நாய் உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் போகாதீர்கள். நாயைத் தாங்காத பனிக்கட்டி உங்களை எப்படித் தாங்கும்? 911க்கு அழைத்து, கரையில் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள். பிள்ளைகளுக்கு இதைக் குளிர்காலம் தொடங்கும்போதே சொல்லிவைக்க வேண்டும், அவர்கள்தான் யோசிக்காமல் ஓடுவார்கள்.

மார்ச் மாத வெயிலில் கரையோரப் பனிக்கட்டி முதலில் இளகும். அந்த வாரங்களில் சுருளி தண்ணீர் வாடையைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுப்பான். பனி முழுவதும் போய், நாங்கள் காலை நனைத்துப் பார்த்துத் தாங்க முடிகிற நாள் வரும்வரை ஆறடிக் கயிற்றை நாங்கள் கழற்றுவதில்லை.